இரண்டு வாளி, ஒரு பை: வீட்டுக் குப்பையைப் பிரிக்க வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில் நாற்பது சொச்சம் வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குப்பைப் பொறுப்பு என் தலையில் விழுந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சங்கக் கூட்டத்தில் யாரும் கை தூக்காத பதவி அது. அன்று முதல் லிஃப்டில், மாடிப்படியில், கல்யாணப் பந்தியில்கூட என்னிடம் குப்பையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்தும் கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. மனிதர்களின் பழக்கத்தை மாற்றுவது பற்றி உலகில் சிலர் பொறுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் எங்கள் மாடிப்படிக்குப் பயன்பட்டவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் ஏன் பிரிப்பதில்லை?

தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே சமையலறை இருக்கிறது. காலை ஏழரை மணி. ஒரு கையில் தோசைத் திருப்பி, மறு கையில் காலியான பால் கவர். காலடியில் ஒரே ஒரு வாளி. இரண்டாவது வாளி பால்கனியில், துணி காயும் கொடிக்கு அடியில். பால் கவர் எந்த வாளிக்குப் போகும் என்று சொல்ல உளவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர் குடியிருப்பின் அடித்தளத்தில் இருந்த மறுசுழற்சித் தொட்டிகளை அறைகளுக்குச் சில மீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தபோது, அவற்றில் சேர்ந்த அளவு இரண்டு மடங்கைத் தாண்டியது. மாணவர்களின் சுற்றுச்சூழல் அக்கறை ஒரே இரவில் இரட்டித்திருக்காது. குறைந்தவை படிக்கட்டுகள்தான்.

ஆகவே யாராவது என்னிடம் "எங்கள் வீட்டில் யாரும் ஒத்துழைக்கமாட்டார்கள்" என்றால், முதலில் இரண்டாவது வாளி எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். இரண்டும் சிங்க்குக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். உலர் குப்பைக்கு வாளிகூட வேண்டாம். அலமாரிக் கதவின் உட்புறம் ஆணியில் தொங்கும் பழைய அரிசிப் பை போதும். பால் கவரைக் கழுவுவது பெரிய வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி: பாலைப் பாத்திரத்தில் ஊற்றிய கையோடு கவரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதையும் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைச் சுவர் டைல்ஸில் ஒட்டிவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் தானே விழும். என் மாமியார் இதை எந்த ஆய்வும் படிக்காமல் முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறார்.

இன்னொரு வேடிக்கை. கசங்கிய, கிழிந்த, நசுங்கிய பொருளைப் பார்த்தாலே அது குப்பைதான் என்று நம் மனம் முடிவுகட்டிவிடுகிறது. ரெமி ட்ரூடெல், ஜெனிஃபர் ஆர்கோ என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் இதைக் காட்டினார்கள்: முழுத் தாளை மறுசுழற்சித் தொட்டியில் போடுகிறவர்களே அதைத் துண்டாக்கிவிட்டால் சாதாரணக் குப்பையில் வீசுகிறார்கள். நம் வீட்டில் மளிகை பில், பற்பசை அட்டைப்பெட்டி, கூரியர் உறை எல்லாம் கசக்கப்பட்ட அந்த நொடியிலேயே தம் தகுதியை இழப்பது இதனால்தான். கசக்காமல் மடியுங்கள்.

'நட்ஜ்' என்று ஒரு சொல் அடிபடுகிறதே, அது என்ன?

முழங்கையால் மெல்ல இடித்துச் சைகை காட்டுவது. உத்தரவும் அபராதமும் போடாமல், சரியான காரியமே கைக்கு எளிதாக வரும்படி சூழலை மாற்றி வைப்பதை இப்படிச் சொல்கிறார்கள். மென்தூண்டல் எனலாம். இந்தச் சிந்தனையைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் தெருக்களுக்கு இது புதிதில்லை. 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதி எழுதிச் சலித்த வீட்டுக்காரர், பிள்ளையாரையும் மாதாவையும் மெக்காவையும் டைல்ஸாக வாங்கிச் சுவரில் வரிசையாகப் பதித்தார். சுவர் காய்ந்துவிட்டது. குப்பை குவியும் தெருமுனையைக் கழுவிக் கோலம் போட்டுப் பூந்தொட்டி வைப்பதும் இதே வகை. கோலத்தின் மேல் குப்பைப் பையை வீச மனம் வராது. ஆனால் கோலத்தை யாராவது நாள்தோறும் போட வேண்டும். கோலம் அழிந்த மறுநாளே முதல் பை வந்துவிடும். மென்தூண்டல் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை அவ்வளவாகச் சொல்வதில்லை.

நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. பதில் சொல்ல நான் அதிகம் தயங்கியதும் இதற்குத்தான்.

ஒரு நாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பேட்டரி வண்டியின் பின்னாலேயே போனேன். நான்கு தெரு தள்ளி, பெரிய வண்டிக்கு மாற்றும் இடத்தில், ஈரக் குப்பையின் பச்சைத் தொட்டியும் உலர் குப்பையின் நீலத் தொட்டியும் ஒரே வாய்க்குள் கவிழ்ந்தன. வண்டி ஓட்டி வந்தவரிடம் கேட்டேன். "பெரிய வண்டியில் ஒரே பெட்டிதானே சார் இருக்கிறது?" என்றார். பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு இரண்டு வீடுதான் பிரித்துக் கொடுக்கிறது. மிச்ச எட்டு வீட்டுக் குப்பையை நான் எதில் போடுவது?" அவரும் நம்மைப் போலத்தான். மற்றவர்கள் செய்தால் தானும் செய்யலாம் என்று காத்திருக்கிறார்.

சட்டத்தில் குழப்பம் எதுவும் இல்லை. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத உலர் குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தருவதைக் குடியிருப்போரின் கடமை ஆக்கின; 2026ஆம் ஆண்டின் புதிய விதிகள் அதை நான்காக்கின. பிரித்ததைப் பிரித்தே எடுத்துச் செல்வது உள்ளாட்சியின் கடமை. இந்தூரில் இந்த இரண்டாம் பாதியை ஒழுங்காகச் செய்தார்கள். வண்டியிலேயே தனித்தனி அறைகள் இருக்கின்றன; ஈரக் குப்பை போகும் உயிரிவாயு நிலையம் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 550 டன் வரை கையாளும் நிலையம் அது. 2017 முதல் ஆண்டுக்கணக்கில் அந்த ஊர் தூய்மைத் தரவரிசையில் முதலிடம் பிடித்ததற்குச் சுவரொட்டிகளைவிட அந்த அறைத் தடுப்புகளுக்கே நான் மதிப்பெண் போடுவேன்.

நமக்கோ, கலந்து கொட்டியதன் விலை பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் கிடந்தது. பல்லாண்டுக் குப்பையைத் தோண்டிச் சல்லடையில் போட்டுச் சலித்து, மண் தனி, பிளாஸ்டிக் தனி என்று இப்போது பிரிக்கிறார்கள். வீட்டில் இரண்டு விநாடியில் பிரியும் வாழைப்பழத் தோலுக்கும் பிஸ்கட் உறைக்கும் அங்கே இயந்திரம் வேண்டியிருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் வண்டி திருந்தும் வரை காத்திருக்கவில்லை. உலர் குப்பையை வண்டிக்குக் கொடுப்பதையே நிறுத்தினோம். அது கழுவிக் காய்ந்தது, நாறாது. இரண்டு வாரம் கீழே ஒரு சாக்கில் சேரும். பழைய பேப்பர் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போவார். அவர் தரும் தொகையைச் சீட்டோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். தொகை பெரிதில்லை; வாட்ச்மேனுக்கும் அவருடைய நண்பருக்கும் டீ, வடை வரும். ஆனால் அந்தச் சீட்டு வந்த பிறகுதான் 'எல்லாம் ஒன்றாகத்தான் போகிறது' என்ற பேச்சு நின்றது. எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் மறுவாரம் கூடுதலாகக் கொண்டுவந்தார்கள். மற்ற எல்லா உத்திகளையும் இதற்குக் கீழேதான் வைப்பேன். குப்பை கடைசியில் கலந்துதான் போகிறது என்றால், மற்ற உத்திகளெல்லாம் ஆளை ஏமாற்றும் வேலைதான்.

'நம் குடியிருப்பில் யாருமே பிரிப்பதில்லை, வெட்கக்கேடு' என்று நோட்டீஸ் ஒட்டினோம். நிலைமை மோசமானது. ஏன்?

'யாருமே பிரிப்பதில்லை' என்று நீங்களே அறிவித்துவிட்டீர்கள். படித்தவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்.

அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று உண்டு. பார்க்க வருகிறவர்கள் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் அங்கே பலகைகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். 'முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றுவிட்டார்கள்' என்ற பலகை இருந்த பாதையில் துண்டுகளில் ஏறக்குறைய 8 சதவீதம் காணாமல் போனது. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்ன பாதையில் 2 சதவீதம்கூட இல்லை. ஊரே திருடுகிறது என்று சொன்னதும் திருட்டு வழக்கமாகிவிட்டது.

இதைத் திருப்பியும் போடலாம். கலிஃபோர்னியாவின் லா வெர்ன் ஊரில் சுமார் 600 வீடுகளை வைத்து வெஸ்லி ஷுல்ட்ஸ் செய்த சோதனை 1999இல் வெளிவந்தது. சில வீடுகளின் கதவில் வெறும் வேண்டுகோள் அட்டை. சில வீடுகளில் எதை எப்படிப் பிரிப்பது என்ற விளக்கம். சில வீடுகளுக்கு 'போன வாரம் உங்கள் பகுதியில் இத்தனை பேர் பிரித்தார்கள்' என்ற கணக்கு. வேறு சில வீடுகளுக்கு அவரவர் தந்த அளவு. வேண்டுகோளும் விளக்கமும் சொல்லிக்கொள்ளும்படி எதையும் மாற்றவில்லை. ஊர்க் கணக்கோ அவரவர் கணக்கோ சொன்ன வீடுகளில் மட்டும் அளவு உயர்ந்தது, அட்டை நின்ற பிறகும் சில வாரங்கள் தாங்கியது.

ஆனால் இதில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்காதீர்கள். இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் தெருத் தெருவாக உணவுக் கழிவு சேகரிப்பைக் கணக்கெடுத்து, சராசரியைவிட நன்றாகச் செய்த தெருவுக்குச் சிரித்த முகமும் பின்தங்கிய தெருவுக்கு வாடிய முகமும் அச்சிட்ட அஞ்சலட்டைகளை அனுப்பினார்கள். பங்கேற்பு கூடியது மெய்தான். ஆனால் 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான். அஞ்சலட்டைச் செலவுக்கு அது மோசமில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பலகையில் இப்போது 'இந்த வாரம் முதல் மாடியில் எட்டு வீட்டுக்கு ஆறு வீடு' என்று எழுதுகிறோம். வீட்டு எண் எழுதுவதில்லை. ஒரு முறை யாரோ பக்கத்து வீட்டுக் குப்பைப் பையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பையில் இருந்தது என்ன என்பதை விட்டுவிட்டு, படம் எடுத்தது யார் என்று மூன்று நாள் சண்டை நடந்தது. இரண்டு குடும்பங்கள் இன்றும் லிஃப்டில் பேசிக்கொள்வதில்லை.

எந்த நிறம் எதற்கு என்றே நினைவில் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, நீலம், சிவப்பு என்று ஊருக்கு ஒன்று சொல்கிறார்கள். பெங்களூரில் 2015 இறுதியில் உயர் நீதிமன்றம் இரண்டு வாளி, ஒரு பை என்று கட்டாயமாக்கியது: சமையல் கழிவுக்குப் பச்சை வாளி, நாப்கின், டயப்பர் போன்றவற்றுக்குச் சிவப்பு வாளி, உலர் பொருளுக்குப் பை. அங்கிருந்து மாற்றலாகி வரும் குடும்பம் இங்கே நீல வாளியைப் பார்த்துத் திகைக்கிறது.

வாளியின் வாய்க்கு நிறத்தைவிடச் செல்வாக்கு அதிகம். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தொட்டிகளின் மூடியில் பாட்டில் நுழையும் அளவுக்கு வட்டத் துளை, தாள் நுழையும் நீளப் பிளவு என்று வெட்டி வைத்தார்கள். பாட்டில், கேன் சேகரிப்பு 34 சதவீதம் கூடியது. அந்தத் தொட்டியில் தவறாக விழுந்த பொருட்கள் 95 சதவீதம் குறைந்தன. வட்டத் துளைக்கு முன்னால் சாம்பார் பார்சலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு அது நுழையாது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கார்ப்பென்டரிடம் கொடுத்தால் பழைய பிளாஸ்டிக் டிரம் மூடியில் ஒரு மணி நேரத்தில் துளை போட்டுத் தருவார். கூடவே ஒரு யோசனை: மறுசுழற்சிச் சின்னத்தை ஒட்டாதீர்கள், பொருளையே ஒட்டுங்கள். எங்கள் உலர் குப்பை டிரம்மின் மேல் நிஜமான பால் கவர், நிஜமான மாத்திரை அட்டை, நிஜமான ஷாம்பு பாட்டில் மூன்றையும் செலோ டேப்பால் ஒட்டியிருக்கிறோம். அசிங்கமாகத்தான் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிறது.

பணமோ பரிசோ கொடுத்தால் எல்லாரும் செய்வார்களா?

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற தலைமுறையிடம் இதைக் கேட்கிறீர்கள். அந்தத் தள்ளுவண்டியின் மணிச் சத்தம் கேட்டால் நாங்கள் ஓட்டைத் தகரத்தைத் தேடிக் கொல்லைப்புறத்தையே கிளறுவோம். சில சமயம் ஓட்டை விழாத தகரமும் போனது. பழைய பட்டுச்சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தவர்களும் மறுசுழற்சி என்ற சொல்லை அறிந்ததில்லை.

பரிசைவிட வைப்புத்தொகை வேலை செய்கிறது என்பது என் கட்சி. பரிசு நமக்கு வரலாம், வராமலும் போகலாம். வைப்புத்தொகை ஏற்கெனவே நம்முடைய பணம், விட்டுவிட்டால் போய்விடும். ஜெர்மனியில் 2003 முதல் ஒரு முறை மட்டும் பயன்படும் பான பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. கடைகளில் உள்ள இயந்திரத்தின் வாயில் பாட்டிலைச் செருகினால் அது பட்டைக் குறியீட்டைப் படித்துச் சீட்டு அடித்துக் கொடுக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு திரும்பி வருகிறது. திருப்பிக் கொடுக்கச் சோம்பல்படுகிறவர் பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே, பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் போவார். தேவைப்படுகிறவர் குனிந்து கை விடாமல் எடுத்துக்கொள்வார்.

நம் ஊர்ச் சான்று நீலகிரி. காட்டோரம் வீசப்பட்ட உடைந்த மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்து, 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பினால் தரும் முறை தொடங்கியது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. பிறகு கோவை, பெரம்பலூர் என்று மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவரே பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்றால், தெளிவாக இருக்கும் நம்மைப் பற்றி இவ்வளவு அவநம்பிக்கை வேண்டாம்.

குலுக்கல் பரிசு, புள்ளி, கூப்பன் எல்லாம் தீபாவளி வரை தாங்கும். நாங்களும் ஒரு குக்கர் கொடுத்துப் பார்த்தோம். குக்கர் வாங்கியவர் மறுவாரம் நிறுத்திவிட்டார்.

குப்பையின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கலாமே?

தென்கொரியா 1995 முதல் வாங்குகிறது. பொதுக் குப்பையை அரசு விற்கும் பையில்தான் போட வேண்டும், பெரிய பைக்குப் பெரிய விலை. உணவுக் கழிவுக்கு அடுக்குமாடிகளின் கீழே ஓர் இயந்திரம்: அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், கொட்டியதை எடை போட்டு, எவ்வளவு கட்டணம் என்று திரையில் காட்டும். உணவுக் கழிவைப் புதைப்பதற்கு அங்கே 2005இலேயே தடை வந்துவிட்டது. தட்டில் மிச்சம் வைத்த சோற்றின் விலை அன்று இரவே கண்ணுக்குத் தெரிந்தால் மறுநாள் உலையில் அரிசி குறையும். தைபேயும் 2000ஆம் ஆண்டு முதல் பைக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. மறுசுழற்சிப் பொருளுக்குக் கட்டணம் இல்லை.

இங்கே இன்று அதைச் செய்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இருட்டியதும் பைக்கில் வந்து காலி மனையில் வீசிவிட்டுப் போவார்கள். முதலில் வண்டி ஒழுங்காக வர வேண்டும். வீசுகிறவரைப் பிடிக்க ஆள் வேண்டும். அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

ஆப், க்யூஆர் குறியீடு, சென்சார் தொட்டி இவற்றால் பயன் உண்டா?

எது யாரை அளக்கிறது என்று பாருங்கள். கேரளத்தில் ஹரித கர்ம சேனாவின் பெண்கள் வீடு வீடாக வந்து உலர் குப்பையை எடுக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டிய க்யூஆர் குறியீட்டை ஹரிதமித்திரம் என்ற செயலியில் பதிகிறார்கள். எந்த வீடு கொடுத்தது, கட்டணம் வந்ததா, எந்தத் தெரு விடுபட்டது என்பது உள்ளாட்சிக்குத் தெரிகிறது. அங்கே குறியீட்டுக்குப் பின்னால் வாசலில் நிற்கும் ஒரு பெண் இருக்கிறார், அவருக்கு வருமானம் இருக்கிறது, எடுத்ததற்குப் போக ஓர் இடம் இருக்கிறது. அதனால் அது வேலை செய்கிறது. வெறும் குறியீட்டை மட்டும் கதவில் ஒட்டிவிட்டுப் போனால் வெள்ளையடிக்கும்போது சுரண்ட வேண்டிய ஸ்டிக்கர் ஒன்று கூடும்.

மக்களுக்குச் சொல்லாமல் செய்தால் விபரீதம். 2006 வாக்கில் இங்கிலாந்தில் சில உள்ளாட்சிகள் வீட்டுத் தொட்டிகளில் மின்னணுச் சில்லு பொருத்தியிருப்பது தெரியவந்ததும், குப்பைத் தொட்டி உளவு பார்க்கிறது என்று பத்திரிகைகள் கொதித்தன. குப்பை அந்தரங்கமானது. மருந்துச் சீட்டும் வங்கிக் கடிதமும் காலி பாட்டிலும் அதில்தான் இருக்கின்றன.

நான் அதிகம் நம்பும் தொழில்நுட்பம் இரண்டு. ஒன்று, வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரே வரி: 'நாளை காலை பேப்பர்காரர் வருகிறார்.' மறுநாள் காலையில் அனுப்பினால் பயனில்லை, இருட்டுவதற்கு முன்பே அனுப்பினால் அதிகம் பேர் மறக்கிறார்கள். பாத்திரம் கழுவி முடிக்கிற நேரம்தான் சரியான நேரம். இன்னொன்று சத்தம். தைவானில் குப்பை வண்டி பேத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டே தெருவுக்குள் வரும். கேட்டதும் மக்கள் பையோடு கீழே இறங்கி, தாங்களே வண்டியில் போடுவார்கள். குப்பை தரையைத் தொடவே கூடாது என்பது அங்கே கொள்கை. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கப் பார்க்கப் போட வேண்டியிருப்பதால் கலந்த பையைக் கொண்டுவரக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நிகரான சென்சார் இன்னும் வரவில்லை.

எங்கள் வீட்டில் குப்பையைக் கையாள்வது வேலைக்கு வரும் அம்மாதான். அவரிடம் எப்படிச் சொல்வது?

இதைக் கேட்ட ஒருவர்தான் என் கண்ணைத் திறந்தார். நாங்கள் கூட்டம் போட்டதும் படம் காட்டியதும் வீட்டு உரிமையாளர்களுக்கு. குப்பையைத் தொடுவதோ பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வேலைக்கு வருகிறவர்களும். கூட்டத்தில் தலையாட்டிய சார்களில் பலருக்குத் தம் வீட்டு வாளி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

உத்தரவாகச் சொல்லாதீர்கள். உலர் பொருள் விற்ற பணத்தை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் உங்கள் வீட்டுப் பிரிப்பைப் பார்த்து நீங்களே கற்றுக்கொள்வீர்கள். எந்தப் பிளாஸ்டிக் விலைபோகும், எது போகாது என்பதும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரின் கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். புணேயில் குப்பை சேகரிப்போரின் கூட்டுறவான ஸ்வச், நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள் என்று வீடுகளைக் கேட்டுக்கொண்டது. புள்ளி வைக்கும் அந்த நொடியில், இதைப் பிரிக்கப்போவது ஒரு மனிதரின் வெறுங்கை என்பது மனதில் தைக்கிறது. பிளேடு, உடைந்த கண்ணாடி, ஊசி ஆகியவற்றையும் அப்படியே காகிதத்தில் சுற்றி எழுதிக் கொடுங்கள். வருகிறவரின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் வீடுகள் மறந்தும் கலப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

ஒழுங்காகப் பிரித்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம்தானே?

இப்படித் தோன்றும் என்பதே ஆபத்து. ஜெஸ்ஸி கேட்லின், யிட்டாங் வாங் என்ற ஆய்வாளர்கள் ஒரு கத்தரிக்கோலைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிச் சிலரிடம் தாள்களைக் கொடுத்தார்கள். பக்கத்தில் மறுசுழற்சித் தொட்டி இருந்தபோது அதிகத் தாளை வெட்டித் தள்ளினார்கள். ஒரு பல்கலைக்கழகக் கழிவறையில் அப்படித் தொட்டி வைத்ததும் கை துடைக்கும் தாளின் செலவு கூடியது. தொட்டி மனசாட்சிக்குத் தாலாட்டுப் பாடிவிடுகிறது.

ஆகவே வாங்கும் இடத்திலும் ஒரு தூண்டல் வேண்டும். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' அதைத்தான் முயல்கிறது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் 2022இல் வந்தது. என் வீட்டில் இயந்திரம் இல்லை. செருப்பு ஸ்டாண்டின் மேல் மூன்று பைகள் தொங்குகின்றன. செருப்பு போடாமல் கடைக்குப் போக முடியாது.

எத்தனை நாளில் பழக்கமாகும்?

எங்களுக்கு முதல் மூன்று வாரம் உற்சாகம். ஐந்தாம் வாரம் சரிவு. வெளியூரில் இருந்து விருந்தினர் வரும் பொங்கல் சமயத்தில் மொத்தமாகக் குலைந்தது. பிறகு மறுபடி. புதுக் குடித்தனம் வரும்போது சாவியோடு இரண்டு வாளியையும் பையையும் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்தோம். வீடு மாறுகிற வாரம் எல்லாப் பழக்கமும் இளகியிருக்கும், அப்போது ஏற்றுக்கொள்கிறார்கள். பழைய குடித்தனங்களில் இன்னும் நான்கைந்து வீடுகள் கொடுப்பதில்லை. அவர்களிடம் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது சாக்கு நிறைந்ததா என்று வந்து பார்க்கிறார்கள்.

தேங்காய்ச் சிரட்டை எந்த வாளி?

வாரம் ஒரு முறையாவது வரும் கேள்வி. அதுவும் மக்கும்தான், ஆனால் ஆண்டுக்கணக்காகும். உரத் தொட்டியில் போட்டால் மற்றதெல்லாம் உரமாகிய பிறகும் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும். இரண்டு வாளியும் வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள பழைய வண்ண டப்பாவில் போடுங்கள். தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டிக்குக் கரி போட எடுத்துக்கொள்கிறார். செவ்வாய்க்கிழமை காலை வருவார்; நார் உரித்துப் போட்டால் இன்னும் சந்தோஷப்படுவார்.